பைப்வயருக்கு மாறிய பிறகு: லினக்ஸ் டெஸ்க்டாப் ஒலியோடு நீண்ட நாள் அனுபவம்

லினக்ஸில் பாட்டு கேட்பது பிரச்சினையாக இருந்து ரொம்ப காலம் ஆகிவிட்டது. ஆனால் ஒரே கம்ப்யூட்டரில் ஆர்டோர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ரெக்கார்டிங் நடக்க வேண்டும், பிரௌசரில் யூடியூப் ஓட வேண்டும், நடுவில் வீடியோ கால் வந்தால் ஹெட்செட்டில் பேசவும் வேண்டும் என்றால் நிலைமையே வேறு. எனக்கு இந்த மூன்றும் தேவை. வீட்டில் குரல்பதிவு செய்கிறேன், மிடி கீபோர்டு வாசிக்கிறேன், அதே மெஷினில்தான் ஆபீஸ் வேலையும். உபுண்டு 22.10 வெளிவந்தபோது பைப்வயர் என்ற சவுண்ட் சர்வருக்கு, அதாவது எல்லாப் புரோகிராம்களின் ஒலியையும் வாங்கி சவுண்ட் கார்டுக்கு அனுப்பும் நடுவருக்கு, மாறினேன், இன்று வரை அதில்தான் இருக்கிறேன்.

முன்பு இருந்த சிக்கலைச் சொல்லாமல் இதன் அருமை புரியாது. ஓஎஸ்எஸ் என்ற பழைய ஒலி அமைப்பின் காலத்தில் பெரும்பாலான சவுண்ட் கார்டுகளை ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் திறக்க முடியும். குழாயடியில் முதல் குடம் நிறையும் வரை மற்றவர்கள் நிற்க வேண்டிய கதைதான். 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலில் அல்சா என்ற புதிய ஒலி அமைப்பு அதன் இடத்தைப் பிடித்தது. அதற்கு மேல் டெஸ்க்டாப் சூழல்களில் கேடிஈ ஒரு சவுண்ட் சர்வர் வைத்திருந்தது, க்னோம் இன்னொன்று வைத்திருந்தது. பிறகு பல்ஸ்ஆடியோ என்ற சவுண்ட் சர்வர் வந்து டெஸ்க்டாப் பக்கத்தை ஒருவழியாக ஒன்றுசேர்த்தது. இசைக்காரர்கள் பக்கத்தில் ஜாக் என்ற இன்னொரு சவுண்ட் சர்வர். இந்த இரண்டுக்கும்தான் கடைசி வரை ஒத்துப்போகவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. பல்ஸ்ஆடியோ முடிந்த அளவு பெரிய பஃபரை (ஒலியை முன்கூட்டியே சேர்த்து வைக்கும் இடம்) நிரப்பிவிட்டு சிபியுவைத் தூங்கவிடப் பார்க்கும், பேட்டரி மிச்சமாகும், பாட்டும் தடைபடாது. ஜாக் அப்படியே எதிர்ப்பக்கம்: சின்னச் சின்ன, ஒரே அளவான சுற்றுகளில் ஒலியை நகர்த்தி, கீபோர்டு கட்டையை அழுத்தியதும் சத்தம் கேட்க வைக்கும். இரண்டுமே கார்டை முழுசாகத் தன் கையில் வைத்துக்கொள்ள நினைப்பவை. ஜாக்கை ஆரம்பித்தால் அது புரோகிராம்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் டி-பஸ் வழியாகக் கார்டைக் கேட்கும், பல்ஸ்ஆடியோ விட்டுக்கொடுக்கும், உடனே பிரௌசர் ஊமையாகிவிடும் அல்லது சத்தம் எச்டிஎம்ஐ மானிட்டருக்குப் போய்விடும். இரண்டுக்கும் பாலம் போட மாட்யூல்கள் இருந்தன, நானும் பயன்படுத்தினேன். ஓடத்தான் செய்யும், ஆனால் பஃபரைக் குறைத்தால் கரகரப்பு, ஜாக்கை நிறுத்தினால் பிரௌசர் பக்கத்தை மறுபடி லோட் செய்ய வேண்டும். ரெக்கார்டிங்குக்கு உட்காரும் முன்பே பாதி உற்சாகம் போய்விடும்.

பைப்வயரை எழுதியவர் விம் டெய்மன்ஸ், ஒலி, வீடியோவைக் கையாளும் ஜிஸ்ட்ரீமர் மென்பொருளை உருவாக்கியவர்களில் ஒருவர். வீடியோவுக்காகத் தொடங்கிய வேலை ஒலிக்கும் விரிந்தது. 2021-ல் ஃபெடோரா 34 என்ற லினக்ஸ் வெளியீடு அதை இயல்பான சவுண்ட் சர்வராக்கியது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது, எந்தப் புரோகிராமையும் மாறச் சொல்லாதது. ஃபயர்பாக்ஸ் பல்ஸ்ஆடியோவோடு பேசுவதாகவே நினைக்கிறது, ஆர்டோர் ஜாக்கோடு பேசுவதாகவே நினைக்கிறது, அல்சா மட்டும் தெரிந்த பழைய புரோகிராமுக்கும் ஒரு வாசல் இருக்கிறது. உள்ளே எல்லாம் ஒரே வரைபடத்தில் வந்து சேர்கின்றன. கியூபிடபிள்யூகிராஃப் என்ற கருவியைத் திறந்தால் அந்த வரைபடம் அப்படியே திரையில் தெரியும்: ஃபயர்பாக்ஸ் பெட்டியிலிருந்து ஒரு கோட்டை இழுத்து ஆர்டோர் டிராக்கின் உள்ளீட்டில் விட்டால் போதும், பிரௌசர் ஒலி நேராகப் பதிவாகும். பாலம் வேண்டாம், எதையும் நிறுத்தி ஆரம்பிக்க வேண்டாம்.

தாமதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இங்கேதான் சலித்துப்போய்த் திரும்பிவிடுகிறார்கள். பைப்வயர் ஒரு சுற்றில் நகர்த்தும் ஒலியின் அளவைக் குவாண்டம் என்கிறார்கள். சும்மா இருக்கும்போது பொதுவாக அது 1024 சாம்பிள். 48,000 ஹெர்ட்ஸில், அதாவது செகண்டுக்கு 48,000 சாம்பிள் என்று கணக்கிட்டால் ஏறக்குறைய 21 மில்லிசெகண்ட். பாட்டு கேட்க இது தாராளம், ஆனால் கீபோர்டில் வேகமாக வாசித்தால் விரல் ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கம் போகும். 128 ஆக்கினால் 2.7 மில்லிசெகண்டுக்குக் கீழே வந்துவிடும். ஆர்டோர் சிறிய அளவைக் கேட்டால் அந்தக் கார்டில் ஓடும் எல்லாமே அந்த அளவுக்கு இறங்கும், ஆர்டோரை மூடினால் மறுபடி ஏறிவிடும். பி.டபிள்யூ-டாப் கட்டளையை டெர்மினலில் ஓடவிட்டால் ஒவ்வொரு புரோகிராமும் எந்தக் குவாண்டத்தில் ஓடுகிறது, எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று வரிசையாகக் காட்டும். அதில் பிழை எண்ணிக்கைக்கு ஒரு பத்தி இருக்கிறது, அதைத்தான் பார்க்க வேண்டும். அந்த எண் ஏறிக்கொண்டே போனால் எக்ஸ்ரன் வருகிறது, அதாவது ஒலி நேரத்துக்கு வந்து சேராமல் தவறுகிறது என்று அர்த்தம், குவாண்டத்தை ஒரு படி கூட்டுங்கள். என் மெஷினில் 128-ல் எண் அசையாமல் நிற்கிறது; 64-ல் பிரௌசரில் கனமான பக்கம் திறந்தால் ஏறுகிறது.

இரண்டு கார்டுகளை ஒன்றாக ஓட்டுவது இன்னொரு நிம்மதி. யூஎஸ்பி இன்டர்ஃபேஸுக்கும் மதர்போர்டு கார்டுக்கும் தனித்தனிக் கடிகாரம், நேரம் போகப் போக விலகும். பைப்வயர் ஒன்றின் கடிகாரத்தை வைத்து வரைபடத்தை ஓட்டி, மற்றதன் ஒலியை அந்த வேகத்துக்கு ஏற்ப மறுகணக்கிட்டு (ரீசாம்பிள் செய்து) இழுத்துப் பிடிக்கிறது. ஜாக்கில் இதற்கென்று தனியாக ஒரு கருவியை ஓட்ட வேண்டியிருந்தது.

குறைகளும் உண்டு. ஐந்து செகண்ட் சத்தம் இல்லையென்றால் கார்டைத் தூங்க வைத்துவிடும், சில கார்டுகளில் அடுத்த ஒலியின் முதல் எழுத்து விழுங்கப்படும் அல்லது ஒரு டப் சத்தம் வரும். எனக்கு வந்தது. அந்த நேரத்தைப் பூஜ்யமாக்கியதும் (அப்படி வைத்தால் தூங்கவே வைக்காது) போய்விட்டது. அப்புறம் ஒயர்பிளம்பர், அதாவது எந்தப் புரோகிராம் எந்தக் கருவியோடு இணைய வேண்டும் என்று முடிவு செய்யும் பகுதி. 2024-ல் வந்த அதன் 0.5 பதிப்பில் லுவா என்ற நிரல்மொழியில் எழுதிய பழைய அமைப்புக் கோப்புகள் செல்லாது. இணையத்தில் கிடைக்கும் வழிமுறைகளில் பாதி அதற்கு முந்தையவை, எதையும் நகலெடுக்கும் முன் எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று பாருங்கள். புளூடூத் ஹெட்செட்டில் மைக்கைத் திறந்தால் ஒலித்தரம் இறங்குவது புளூடூத்தின் வரம்பு, பைப்வயரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஹெட்செட் தானாக மைக் முறைக்கு மாறுவதை அணைத்துவிட்டு மைக்குக்கு யூஎஸ்பியை வைத்துக்கொண்டேன், கால் முழுக்கத் தரம் குறையவில்லை.

ஸ்டுடியோவுக்கென்றே தனி மெஷின், அதில் ஒரே கார்டு, ஜாக் ஒழுங்காக ஓடுகிறது என்றால் அதைத் தொட வேண்டாம். எல்லாமே ஒரே டெஸ்க்டாப்பில் என்பவர்கள் தயங்காமல் மாறலாம். மாறியதும் பி.ஏ.சி.டி.எல் இன்ஃபோ கட்டளை கொடுத்து, சர்வர் பெயரில் பைப்வயர் என்று வருகிறதா என்று பாருங்கள். உபுண்டு, டெபியனில் ஜாக்குக்கான பகுதி தனிப் பேக்கேஜ். அதை நிறுவாமல் ஆர்டோரில் ஜாக்கைத் தேர்ந்தெடுத்தால் பழைய ஜாக்கைத்தான் தேடும்.