செர்மாட்டா, ஷமோனியா, லாட்டர்புருன்னனா? மலை மூடிக்கொள்ளும் நாளை வைத்து முடிவெடுங்கள்

ஆல்ப்ஸ் பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தைப் பார்த்துத்தான் ஆசைப்படுகிறார்கள். நீல வானம், நடுவில் தனியாக நிற்கும் மேட்டர்ஹார்ன் சிகரம். அந்தப் படத்தில் மேகம் இருக்காது. நேரில் போனால் இருக்கும். 4,000 மீட்டருக்கு மேல் எழுந்த சிகரங்கள் இரண்டு மூன்று நாள் முகமே காட்டாமல் இருப்பது எந்த மாதத்திலும் நடக்கக்கூடியது. கோடையில்கூட காலை பளிச்சென்று விடிந்து, மதியத்துக்குமேல் மேகம் திரண்டு, சாயங்காலம் இடியோடு மழை கொட்டுவது அங்கே சகஜம். அதனால் எந்த ஊரில் தங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: மலை தெரியாத நாளில் அந்த ஊரில் என்ன செய்வீர்கள்?

முதல் முறை போகிறவர்கள் அதிகம் யோசிக்கும் மூன்று இடங்களை இந்தக் கேள்வியோடு பார்ப்போம். சுவிட்சர்லாந்தின் செர்மாட், அதே நாட்டில் லாட்டர்புருன்னனும் கிரிண்டல்வால்டும் சேர்ந்த யுங்ஃப்ராவ் பகுதி, பிரான்ஸின் ஷமோனி.

செர்மாட் ஒரே ஒரு மலைக்காகப் போகிற ஊர். 4,478 மீட்டர் உயர மேட்டர்ஹார்ன் அங்கே எந்தத் தெருவில் திரும்பினாலும் எதிரே நிற்கும். ஊருக்குள் பெட்ரோல், டீசல் கார்களுக்கு அனுமதி இல்லை. டேஷ் என்ற ஊரில் காரை விட்டுவிட்டு 12 நிமிட ரயிலில் வர வேண்டும். செர்மாட்டிலிருந்து 1898-இல் தொடங்கிய பற்சக்கர ரயில் 3,089 மீட்டரில் இருக்கும் கோர்னர்கிராட் வரை ஏறுகிறது. இறங்கும்போது ரோட்டன்போடன் நிலையத்தில் இறங்கி, பத்து நிமிடம் நடந்தால் ரிஃபல்சே என்ற சின்ன ஏரி. காற்று கிளம்புவதற்கு முன், விடிந்த கையோடு போனால் மேட்டர்ஹார்ன் முழுசாகத் தலைகீழாகத் தண்ணீரில் கிடக்கும். கொஞ்சம் தாமதித்தாலும் சிற்றலை எழுந்து பிம்பம் கலைந்துவிடும். அந்தக் காட்சிக்காகவே செர்மாட் போகலாம் என்று மனதாரச் சொல்வேன். ஆனால் மலை மூடிக்கொண்டால்? ஒரு அருங்காட்சியகம், பழைய மரவீடுகள் உள்ள சந்துகள், கோடையில் ஆறு குடைந்த குறுகிய மலையிடுக்கு ஒன்று. அவ்வளவுதான், அரை நாளில் முடிந்துவிடும். செர்மாட்டுக்குச் சாதகமான விஷயமும் உண்டு. சுற்றிலும் உயர்ந்த சிகரங்கள் மழையைத் தடுப்பதால், ஆல்ப்ஸிலேயே வறண்ட பகுதிகளில் அதுவும் ஒன்று. தெளிந்த வானம் கிடைக்கும் வாய்ப்பு மற்ற இரண்டையும்விடக் கூடுதல்.

ஷமோனியில் இந்தச் சூதாட்டம் இன்னும் கடுமை. 1,035 மீட்டரில் இருக்கும் ஊரிலிருந்து கேபிள் கார் இருபதே நிமிடத்தில் 3,842 மீட்டர் உயர எய்குய் து மிடிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும். எதிரே மேற்கு ஐரோப்பாவின் உயர்ந்த மலையான மோன் பிளாங்க். அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இருக்காது. படி ஏறினால் தலை கிறுகிறுக்கும். கைக்குழந்தையோடு போகிறவர்களும் இதய நோய் உள்ளவர்களும் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும். மேகம் இல்லாத நாளிலும் காற்று பலமாக அடித்தால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள்.

மேலே போக முடியாத நாளில் ஷமோனியில் மிஞ்சுவது மோன்டன்வேர் ரயில். 1,913 மீட்டர் வரைதான் போகிறது. மேகம் தாழ்ந்து கிடந்தாலும், கீழே கிடக்கும் மேர் து கிளாஸ் என்ற பனியாறு பல நாட்களில் தெரிந்துவிடும். பனியாறு ஒரு காலத்தில் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று காட்ட, ஆண்டு எழுதிய பலகைகளைப் பாறையில் பதித்து வைத்திருக்கிறார்கள். ஒரு பலகை, அதற்குக் கீழே அடுத்த ஆண்டு, அதற்கும் கீழே இன்னொன்று, பனி இன்னும் கீழேயே இருக்கிறது. வெப்பமயமாதல் பற்றி எத்தனை படித்திருந்தாலும், அந்த ஆண்டுகளை நேரில் பார்ப்பது வேறு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதைத் தவறவிட வேண்டாம்.

நடக்கப் பிடித்தவர்களுக்கு ஷமோனிதான் முதலிடம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஃப்ளெஜேர் வரை கேபிள் காரில் போய், அங்கிருந்து லாக் பிளாங்க் ஏரிக்கு ஏறினால், பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம் மோன் பிளாங்க் மலைத்தொடர் முழுவதும் விரிந்து கிடக்கும்.

அடுத்து லாட்டர்புருன்னன். என் கேள்விக்கு நல்ல பதில் இங்கேதான் கிடைக்கிறது. 800 மீட்டர் உயரத்தில் தட்டையான பள்ளத்தாக்கு, இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறைச் சுவர், சுவரெங்கும் அருவிகள். ஸ்டாப்பாக் அருவி கிட்டத்தட்ட 300 மீட்டர் விழுகிறது. மழை பெய்தால் மற்ற ஊர்களில் நாள் கெடும். இங்கே அருவிக்குத் தண்ணீர் கூடும்! மலை தெரியாத நாளில் நேராக ட்ரூமல்பாக் போய்விடுங்கள். ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ் ஆகிய மூன்று மலைகளின் பனியாற்று நீரும் ஒரே மலையைக் குடைந்துகொண்டு உள்ளுக்குள்ளேயே பத்து அருவிகளாக இறங்குகிறது. பனி உருகும் காலத்தில் விநாடிக்கு 20,000 லிட்டர் வரை. சுரங்க லிஃப்டில் ஏறி, விளக்குப் போட்ட ஈரப் பாறைகளுக்கு நடுவே நடக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்தால் அதிர்வு தெரியும். மழைச்சட்டை அவசியம். குளிர்காலத்தில் மூடியிருக்கும். 4 வயதுக்குக் குறைந்த குழந்தைகளை எப்போதும் அனுமதிப்பதில்லை.

இந்தப் பகுதியில் எல்லோரும் கட்டாயம் என்று நினைப்பது யுங்ஃப்ராவ்யோக். 1912-இல் திறந்த ரயில் பாதை, 3,454 மீட்டரில் ஐரோப்பாவின் உயரமான ரயில் நிலையம். பெருமைக்குரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் டிக்கெட் விலை கடுமை, கூட்டமும் அதிகம், கடைசிக் கட்டம் முழுக்கச் சுரங்கம். மேலே மேகம் இருந்தால் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அதற்குப் பதில் மென்லிஹன் வரை கேபிள் காரில் போய், கிளைன ஷைடெக் என்ற கணவாய் வரை நடந்து பாருங்கள். ஒன்றரை மணி நேரம், பெரும்பாலும் லேசான இறக்கம், மூன்று மலைகளும் முகத்துக்கு நேரே. வயதானவர்களும் நிதானமாக நடந்துவிடலாம்.

சரி, எந்த மாதம்? மே மாதம் அறை வாடகை குறைவு என்று பலர் பதிவு செய்துவிடுகிறார்கள். அப்போது மேலே பாதைகளில் பனி கிடக்கும், பல கேபிள் கார்கள் பராமரிப்புக்காக நின்றிருக்கும். மே தவிர வேறு வழியில்லை என்றால் லாட்டர்புருன்னன்தான். பனி உருகி அருவிகள் பொங்கும், புல்வெளியில் பூ வந்திருக்கும். உயரமான பாதைகளில் நடக்க ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை நல்லது. அக்டோபரின் பின்பாதியில் செர்மாட்டை எதுவும் மிஞ்ச முடியாது, லார்ச் என்ற ஊசியிலை மரங்கள் மொத்தமும் பொன்னிறமாகிவிடும். நவம்பரில் மூன்றுமே வேண்டாம்.

குளிர்காலத்தில் கணக்கு மாறும். பனிச்சறுக்கு நன்றாகத் தெரிந்தவர்களுக்கு ஷமோனி. புதிதாகக் கற்பவர்களுக்கு அது சரிப்படாது. சறுக்குத் தளங்கள் தனித்தனியாகச் சிதறிக் கிடப்பதால் பேருந்தில் அலைய வேண்டும், சரிவுகளும் செங்குத்து. சறுக்கவே தெரியாதவர்களுக்கு கிரிண்டல்வால்ட். நடப்பதற்கென்றே பனியைச் சமன்படுத்திய பாதைகளும் சறுக்குவண்டிப் பாதைகளும் உண்டு. லாட்டர்புருன்னன் அடிவாரத்தில் மட்டும் அப்போது அறை எடுக்காதீர்கள். பாறைச் சுவர்கள் மறைப்பதால் வெயில் கொஞ்ச நேரம்தான் எட்டிப் பார்க்கும். பள்ளத்தாக்குக்கு மேலே இருக்கும் வெங்கன் கிராமத்திலோ மியூரன் கிராமத்திலோ தங்கினால் வெயில் கிடைக்கும்.

செலவில் ஷமோனி இறங்கி வரும், யூரோதான் அங்கே. ஷெங்கன் விசா இரண்டு நாட்டுக்கும் செல்லும். சுவிட்சர்லாந்து ரயில், பேருந்துகளில் செல்லும் சுவிஸ் டிராவல் பாஸ் வைத்திருந்தால் வெங்கன், மியூரன் வரை தனி டிக்கெட் வேண்டாம். கோர்னர்கிராட்டுக்கும் யுங்ஃப்ராவ்யோக்குக்கும் சலுகை மட்டுமே. ஷமோனியில் அந்த பாஸ் செல்லாது.

கோடையில் ஐந்து இரவு கையில் இருந்தால், மூன்றை வெங்கனுக்கும் இரண்டை செர்மாட்டுக்கும் கொடுப்பேன். நடைக்காகவே போகிறீர்கள் என்றால் ஐந்தையும் ஷமோனிக்குக் கொடுங்கள். அறையை எவ்வளவு சீக்கிரம் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். உச்சிக்கான டிக்கெட்டை மட்டும் ஊரிலிருந்தே தேதி போட்டு வாங்காதீர்கள். முந்தின இரவு வானிலை பார்த்து, காலை எழுந்ததும் அந்த நிலையத்தின் வெப்கேமைத் திறந்து, சிகரம் தெரிந்தால் வாங்கிக்கொண்டு முதல் வண்டியிலேயே ஏறிவிடுங்கள்.