பெயர்ப்பலகை இல்லாத பட்டறையில் செய்வித்த கதிரை

பெயரே இல்லாத பட்டறை, அதனால் வழிதான் சொல்லலாம். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வீதியில் தருமபுரம் தாண்டி விசுவமடுவுக்குப் போகும்போது, முதிரைப் பலகை சாத்திவைத்த தகரக் கொட்டில் ஒன்று வரும். அதுதான்.

என் உயரம் 122 சென்ரிமீற்றர். அகொண்ட்ரோபிளாசியா, அதாவது எஃப்ஜிஎஃப்ஆர்3 மரபணுவில் வந்த மாற்றத்தால் கைகால் எலும்பு சரியாக நீளாத நிலை. அம்மா அப்பா சாதாரண உயரம்தான். இப்படிப் பிறப்பவர்களில் 100க்கு 80 பேருக்கு அப்படித்தான், ஆனாலும் கிரகணத்தன்று அம்மா வெளியே போனாவா என்று விசாரிக்கிற ஆட்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள்.

சரி, கதிரைக்கு வருகிறேன். முதலில் போன தளபாடக் கடையில் என்னைக் கண்டதும் முன்பள்ளிக் கதிரையைத்தான் இழுத்துப் போட்டார்கள். ஆள் குள்ளம் என்றால் எல்லாமே குள்ளம் என்ற நினைப்பு. என் முதுகு கிட்டத்தட்ட மற்றவர்கள் நீளம்தான், தொடையும் மேல்கையும்தான் கட்டை. அதனால் சின்னக் கதிரையில் சாய்மானம் பாதி முதுகோடு நின்றுவிடும், பெரிய கதிரையிலோ சாய்ந்தால் கால் அந்தரத்தில் தொங்கி மத்தியானத்துக்குள் விறைத்துவிடும். எங்களுக்கு முள்ளந்தண்டுக் குழாயும் ஒடுக்கம், முதுகுக்கு முண்டு கொடுத்து இருக்கத்தான் வேண்டும்.

பட்டறை ஐயா உயரமே கேட்கவில்லை. ஒரு பெட்டியில் இருக்கச் சொல்லி, "நல்லாச் சாயுங்கோ பிள்ளை" என்று விட்டு முதுகிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்தார். இருக்கை ஆழம் 27 சென்ரிமீற்றர் வந்தது. உயரத்தைச் சாதாரண அலுவலக மேசைக்குத்தான் வைத்தார், ஏறுவதற்கு ஒரு படி, கால் வைக்க ஒரு பலகை. என் முழங்கை முழுதாக நீளாது என்பதைக்கூடக் கவனித்துக் கைப்பிடியை உயர்த்திவிட்டார். எனக்கு அது தோன்றவேயில்லை!

குறை இல்லாமல் இல்லை. ஒரு கிழமை என்றார், 23 நாள் இழுத்தது. முதிரை என்பதால் நகர்த்த இரண்டு பேர் வேண்டும். இரண்டாம் மாதம் கால்பலகை ஆடத் தொடங்கியது, கொண்டுபோனதும் காசு வாங்காமல் போல்ட் போட்டுத் தந்தார். மொத்தம் 16,000 ரூபா.

போகிறவர்கள் மேசை உயரத்தை அளந்துகொண்டு போங்கள். நான் மறந்துபோய், அதற்காகவே இன்னொரு தரம் பஸ் ஏறினேன்.