இலையா, மரமா, போட்டோவா, ஓலையா? ஒரு கருப்பட்டி லேபிளுக்கு நான்கு வழிகள்

உடன்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சி விற்கும் ஒரு குடும்பத்துக்கு லேபிள் செய்யப் போயிருந்தேன். நான்கு மாதிரிகளை அச்செடுத்து மேசையில் பரப்பினேன். முதலாவதைக் கையில் எடுத்த அண்ணாச்சி கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி, இது தென்னைல்லா? நம்மது பனைல்லா" என்றார்.

அவர் சொன்னது சரி. பச்சை வட்டம், இரண்டு பக்கமும் இலை, நடுவில் ஒரு மரம். டெம்ப்ளேட் தளத்தில் 'பாம் ட்ரீ' என்று தேடி எடுத்த மரம் அது. கடற்கரை விடுதி விளம்பரங்களில் வளைந்து நிற்குமே, அந்தத் தென்னை. தென்னையின் ஓலை இறகு போல இரண்டு பக்கமும் கீற்றாகப் பிரியும். பனையின் ஓலை விசிறியாக விரியும். பனைக்குத் தாவரவியலார் வைத்த 'பொராசஸ் ஃப்ளாபெல்லிஃபர்' என்ற பெயரிலேயே 'விசிறி ஏந்தியது' என்ற பொருள் இருக்கிறது. பனையேறிகளின் வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இந்த வித்தியாசம் தெரியும். கருப்பட்டி வாங்குகிறவருக்கு இருக்கும் முதல் பயம் சீனி கலந்திருக்குமோ என்பது. மரத்தையே மாற்றிப் போட்ட லேபிள் அந்தப் பயத்தை எப்படிப் போக்கும்?

இயற்கை சார்ந்த பொருள் விற்கும் சிறு தொழிலுக்கு லோகோ, லேபிள் என்று வரும்போது பெரும்பாலும் இந்த நான்கு வழிகளில் ஒன்றில்தான் போகிறோம்: பொதுவான பச்சை இலை, செடியை அப்படியே வரைந்த ஓவியம், போட்டோ, இயற்கை வடிவத்தைக் கோடாகச் சுருக்கிய சின்னம். நான்கையும் இந்த ஒரே கருப்பட்டியின்மேல் வைத்துப் பார்த்தால் எது எங்கே நிற்கும், எது எங்கே சரியும் என்பது தெளிவாகத் தெரியும்.

பச்சை இலை

இலைக்கு ஒரு நியாயம் உண்டு. பார்த்த நொடியில் 'இயற்கைப் பொருள்' என்று புரிந்துவிடும். செலவும் இல்லை. ஊர்ச் சந்தையில் நாலு வாரம் விற்றுப் பார்க்கிற அளவுக்கு அது போதும் என்றே சொல்வேன்.

ஆனால் எந்த இயற்கை அங்காடியிலும் ஒரு அலமாரிமுன் நின்று பாருங்கள். செக்கு எண்ணெய்க்கு இலை, சோப்புக்கு இலை, சிறுதானியத்துக்கு இலை, நாட்டுச் சர்க்கரைக்கும் இலை. பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று செய்தவருக்கே தெரியாது. 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம், தனித்துவம் இல்லாத சின்னத்தைப் பதிவதற்கு 9ஆம் பிரிவில் தடை வைத்திருக்கிறது. இலையோடு பெயரையும் சேர்த்துப் பதிவு வாங்கிவிடலாம்தான். ஆனால் அடுத்த கடைக்காரர் இலை போடுவதைத் தடுக்கும் பலம் அந்தப் பதிவுக்கு இருக்காது. தனிநபரும் சிறு நிறுவனமும் ஆன்லைனில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு பொருள் வகைக்கு, 4,500 ரூபாய் கட்டணம். கருப்பட்டி 30ஆம் வகுப்பில் வரும். அந்தப் பணத்தைக் கட்டி, காக்க முடியாத ஒன்றை ஏன் வாங்க வேண்டும்?

அச்சில் வரும் சிக்கல் இதைவிடப் பெரிது. சிறு தொழிலில் தனி பவுச் அச்சடிக்க யாரும் போவதில்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சு உருளை (சிலிண்டர்) செய்ய வேண்டும், குறைந்தபட்ச எண்ணிக்கையும் அதிகம். அதனால் பழுப்பு நிற கிராஃப்ட் பவுச் வாங்கி, மேலே ஸ்டிக்கர் ஒட்டுவோம், அல்லது நேராக அதன்மேலேயே ஒரு நிறம் அடிப்போம். அச்சு மை ஒளி ஊடுருவுவது. பழுப்புத் தாளில் இளம்பச்சை அடித்தால் தாளின் நிறத்தோடு கலந்து சேறுபோல ஆகிவிடும். கீழே வெள்ளை மை போட்டால் எடுப்பாக வரும், அதற்குத் தனிச் செலவு. கடை வாசல் ஃப்ளெக்ஸிலும் இதே வில்லங்கம். வெயிலில் மஞ்சள் மையும் மெஜந்தா என்ற கருஞ்சிவப்பு மையும் முதலில் வெளுத்துப்போக, பச்சை இலை நீல இலையாகி நிற்கும். போதாக்குறைக்கு, உணவுப் பொருள் என்றால் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி என்ற சைவக் குறி கட்டாயம். முழுப் பச்சை லேபிளில் அது அமிழ்ந்துவிடும்.

சட்டத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று பொய்த் தோற்றம் காட்டுவதற்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் நெறிமுறைகள் வெளியிட்டது. தவறாக எண்ண வைக்கும் சொல் மட்டுமல்ல, குறியீடும் படமும் அதில் அடக்கம். ஏமாற்றும்படி அமையாதவரை பொதுவான நிறமும் படமும் விலக்கு பெற்றவை. எனவே வெறும் இலை போடுவதில் குற்றமில்லை. பக்கத்தில் சான்றிதழ் இல்லாமல் 'ஆர்கானிக்' என்று எழுதினால்தான் சிக்கல்.

இவை எல்லாவற்றையும் விட எனக்கு உறுத்துவது வேறு. உடன்குடிப் பக்கத்து மண்ணின் நிறம் பச்சை அல்ல. அது தேரி நிலம், செம்மணல் குன்றுகள். நிலத்துக்கு நிலம் பூ வேறு, மரம் வேறு, பறவை வேறு, பொழுதும் வேறு என்று கருப்பொருள் வகுத்துப் பாடிய மொழி நம்முடையது. மலைக்குக் குறிஞ்சி, கடலோரத்துக்கு நெய்தல், வறண்ட வழிக்குப் பாலை என்று பிரித்து அறிந்தவர்கள் எல்லா நிலத்துக்கும் ஒரே இலையை ஒட்டிக்கொண்டிருக்கிறோம். செம்மண், கருப்பட்டியின் கரும்பழுப்பு, காய்ந்த ஓலையின் வெளிர்மஞ்சள் மூன்றும் அந்த ஊர் தானே எடுத்து நீட்டும் நிறங்கள். மூன்றுமே கிராஃப்ட் தாளில் எடுபடக்கூடியவை.

மரத்தை அப்படியே வரைவது

இரண்டாவது மாதிரியில் முழுப் பனையைப் பேனாக் கோட்டில் வரைந்திருந்தேன். அண்ணாச்சிக்கு மிகவும் பிடித்தது இதுதான். "நம்ம விளை மாதிரியே இருக்கு" என்றார், தோப்பைச் சொல்லி. ஆண் பனையா, பெண் பனையா, பாளையில் கலயம் எப்படிக் கட்டியிருக்கிறது என்பதையெல்லாம் காட்ட முடியும். தெரிந்தவர் பார்த்தால் 'இவன் தோப்புக்குள் போய் வந்தவன்' என்று நம்புவார்.

தாவர ஓவியம் நமக்குப் புதிதும் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் இருந்த ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்காக ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்கள் செடி செடியாக வரைந்தார்கள். கோவிந்துவின் பெயரை ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் சூட்டினார். இலை நரம்பையும் விதையின் குறுக்குவெட்டையும் பிசகில்லாமல் காட்டிய அந்தக் கோடுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, டெம்ப்ளேட் இலையைப் பார்க்கவே மனம் வராது.

ஆனால் ஓவியம் லோகோ ஆகுமா? 1976இல் ஆப்பிள் நிறுவனத்தின் முதல் லோகோ, மரத்தடியில் நியூட்டன் உட்கார்ந்திருக்கும் நுணுக்கமான பேனா ஓவியம். ரொனால்ட் வெயின் வரைந்தது. சிறிதாக்கினால் ஒன்றும் தெரியாது. மறு ஆண்டே ராப் ஜானாஃப் கடித்த ஆப்பிளாக அதை மாற்றினார். பனைக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். நூறடி வரை உயரும் ஒல்லியான மரம் அது. வாட்ஸாப் டிபி வட்டத்துக்குள் வைத்தால் நடுவில் ஒரு குச்சி, உச்சியில் ஒரு சின்னக் கொண்டை, மற்ற இடமெல்லாம் காலி. துணிப்பையில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்தபோது ஓலைக் கோடுகளுக்கு நடுவே மை அடைத்து, கொண்டை ஒரு கறுப்புத் திட்டாகவே விழுந்தது.

அதனால் ஓவியத்தைத் தூக்கிப் போட வேண்டும் என்பதல்ல. பெட்டியின் பின்பக்கம், பரிசுப் பெட்டி, கடைச் சுவர் என்று பெரிதாக நிற்க இடமிருக்கும் இடத்தில் அதை அடிக்க வேறொன்றுமில்லை. வேறு தொழிலில் இதுவே முதலிடமும் பிடிக்கும். வேம்பு, குப்பைமேனி, ஆவாரம்பூ என்று பத்து வகை சோப்பு செய்கிறவருக்கு ஒரே சின்னம் போதாது. வகைக்கு ஒரு செடியாக வரைந்து வைத்தால் எழுத்தைப் படிக்காமலே வாங்குகிறவர் எடுத்துவிடுவார். வரைந்தவரிடம் உரிமையை எழுத்தில் வாங்கிக்கொள்ள மட்டும் மறக்கக் கூடாது.

போட்டோ

மூன்றாவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மலைமேல் தங்கும் விடுதிக்குப் போட்டோவை விட்டால் வேறு வழியில்லை, ஜன்னலுக்கு வெளியே தெரிவதைத்தான் விற்கிறார்கள். கருப்பட்டிக்கு இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸாப் ஸ்டேட்டஸிலும் போட்டோ உதவும். பதநீர் கொதிக்கும் அடுப்பின் ஒரு நிமிட வீடியோ எந்த லோகோவைவிடவும் நம்பிக்கை தரும். லேபிளில் அச்சடித்தால் கருப்பட்டி கரிக்கட்டி மாதிரி விழுகிறது. செயற்கை நுண்ணறிவில் செய்த படம் வேண்டவே வேண்டாம். நான் கேட்டுப் பார்த்தபோது பனையில் தென்னை ஓலை முளைத்திருந்தது, கருப்பட்டி சதுரக் கட்டியாக இருந்தது. கலப்படத்துக்கு அஞ்சும் வாடிக்கையாளரிடம் இல்லாத தோப்பைக் காட்டுவது சரியில்லை.

ஓலையும் சிரட்டையும்

நான்காவது மாதிரிக்கு முதல் கோடு போட்டது நான் அல்ல, அடுப்படி. காய்ச்சிய பாகைத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி ஆறவைப்பார்கள். அதனால்தான் கருப்பட்டிக்கு அந்த அரைவட்ட வடிவம். விரிந்த பனை ஓலையின் விளிம்பும் ஏறக்குறைய அதே அரைவட்டம். ஒரே வடிவம்: நிரப்பினால் கருப்பட்டி, கோடு கிழித்தால் ஓலை. கீழ்ப் பாதியை நிரப்பி, மேலே விசிறிக் கோடுகளை எழுப்பியபோது சின்னம் தானாக உட்கார்ந்தது. லேபிளின் ஓரத்துக்கு, கருப்பட்டி வைக்கும் ஓலைப் பெட்டியின் பின்னல் கட்டங்கள்.

இப்படிச் சுருக்குவதில் நம் நெசவாளர்கள் கைதேர்ந்தவர்கள். காஞ்சிப் பட்டில் மயில்கண் என்ற வடிவத்தில் மயில் இல்லை, ஒரு வட்டமும் புள்ளியும்தான். தாழம்பூ ரேக்கு என்ற கரை வடிவத்தில் பூவின் இதழ் இல்லை, மடலின் கூர் மட்டும் வரிசையாக நிற்கும். பாவும் ஊடையும் எதை அனுமதிக்கிறதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை விட்டார்கள். உலக அளவிலும் இதுவே நடந்திருக்கிறது. 1961இல் உலக வனவிலங்கு நிதியத்துக்குப் பாண்டாவைத் தேர்ந்தெடுத்ததற்கு, அது கறுப்பு வெள்ளையிலேயே எடுப்பாக இருக்கும், அச்சுச் செலவு மிச்சமாகும் என்பதும் ஒரு காரணம். பீட்டர் ஸ்காட் வரைந்த அந்தச் சின்னம் ஒரே மையில் எங்கும் நிற்கிறது.

நம் ஊர்ச் சிறு தொழிலுக்கு ஒரே மை என்பது அன்றாடத் தேவை. பில் புத்தகம், ரப்பர் ஸ்டாம்ப், பார்சல் அட்டைப்பெட்டி, மஞ்சப்பை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கிய பிறகு பல கடைகள் துணிப்பைக்குத் திரும்பியிருக்கின்றன. மஞ்சள் துணியில் கரும்பழுப்பு ஒரே அடியில் பளிச்சென்று விழும், இளம்பச்சை விழாது.

இந்த வழிக்கும் குறை உண்டு, அதை மறைக்க மாட்டேன். தெரியாதவர் பார்த்தால் சூரிய உதயமாகவோ சிப்பியாகவோ தெரியும். ஷெல் நிறுவனம் 1904இலிருந்து விசிறிச் சிப்பியைச் சின்னமாக வைத்திருக்கிறது. அரைவட்டமும் கதிர்க் கோடும் சேர்ந்தால் அந்த நினைவு வந்தே தீரும். கடித்த ஆப்பிளில் அந்தக் கடி எதற்கு? செர்ரிப் பழமாகத் தெரியாமல் இருக்க. பனைக்கும் அப்படி ஒரு கடி தேவைப்பட்டது. அதை மட்டையில் கண்டுபிடித்தேன். பனைமட்டையின் இரு ஓரமும் வாள் பல்லாக இருக்கும், கருக்கு என்பார்கள். சின்னத்தின் அடியில் சின்னக் காம்பு வைத்து அதில் கருக்கைச் செதுக்கினேன். ஓலை நுனியையும் பிளந்துவிட்டேன். சிப்பிக்குக் கருக்கு கிடையாது.

எழுத்தில் ஒரு சபலம் வந்தது. ஓலைச் சுவடியில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். அதே பாணியில் 'கருபபடடி' என்று போட்டால் அழகாகத்தான் இருந்தது, ஆனால் படிக்க முடியவில்லை. புள்ளியை வைத்துவிட்டேன்.

உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்த முத்திரையை லேபிளில் போட, பதிவுபெற்ற பயனாளராக இருக்க வேண்டும். அது வரும்வரை முத்திரைக்கென்று ஒரு மூலையைக் காலியாக விட்டு வடிவமைத்தோம். நிகர எடை, விலை, தயாரித்த மாதம், முகவரி, புகார் எண் ஆகியவை சட்டப்படி கேட்கும் இடத்தையும் முதலிலேயே ஒதுக்கிவிட்டோம். அழகை முடித்துவிட்டு இவற்றைத் திணிக்கப் போனால் எந்த லேபிளும் தாங்காது.

கடைசியில் சின்னமாக நான்காவது, பெட்டியின் பின்பக்கம் இரண்டாவது என்று முடிவாயிற்று. சிவகாசிக்கு ஃபைல் அனுப்புமுன் சின்னத்தை மட்டும் ரப்பர் ஸ்டாம்பாகச் செய்து கொடுத்தேன். அண்ணாச்சியின் மகள் பழைய பில் தாளில் பத்துத் தடவை குத்திப் பார்த்தார். ஓலையில் நான் ஏழு கோடுகள் வைத்திருந்தேன். "நடுவுல மை கட்டுது அண்ணே, அஞ்சு போதும்" என்றார். ஐந்துதான் அச்சுக்குப் போனது.