பழைய மார்ட்டினி கேடட்டுக்கு வார்ப்புக் குண்டு: பெட்டி மேல் இருக்கும் எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள்

.310 கேடட் துப்பாக்கியை யாரோ ஒருவர் எப்போதோ .32-20 தோட்டா சுடும்படி மாற்றி (இரண்டும் தோட்டா வகைகளின் பெயர்கள்), அது கைமாறிக் கைமாறி உங்களிடம் வந்து சேர்ந்திருந்தால் இந்த விமர்சனம் உங்களுக்குத்தான். மூன்று வகை வார்ப்பு ஈயக் குண்டுகளை வாங்கியும் வார்த்தும் சுட்டுப் பார்த்தேன். மூன்றுக்கும் நடுவில் அவ்வளவு வித்தியாசம், துப்பாக்கியையே மாற்றி விட்டார்களோ என்று தோன்றும்.

முதலில் துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குண்டுப் பிரச்சினை முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது. ஆஸ்திரேலியாவில் பள்ளி மாணவர் பயிற்சிக்காக பி.எஸ்.ஏ., கிரீனர் என்ற பிரிட்டிஷ் நிறுவனங்கள் செய்து கொடுத்த சின்ன மார்ட்டினி (ஒரு நேரத்தில் ஒரே தோட்டா போட்டுச் சுடும் வகைத் துப்பாக்கி) இது. ஆஸ்திரேலியக் காமன்வெல்த் அரசு வாங்கியவற்றில் மேலே கங்காரு முத்திரை இருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இவற்றை மொத்தமாக விற்றுத் தள்ளினார்கள், வாங்கியவர்கள் .22 ஹார்னெட், .218 பீ, .32-20 என்று கைக்கு வந்தபடி மாற்றினார்கள். இதில் .32-20 மாற்றம்தான் மலிவு. பழைய குழலை அப்படியே வைத்துக்கொண்டு தோட்டா உட்காரும் அறையை மட்டும் கடைந்தால் போதும், இரண்டு தோட்டாவின் கூடும் உருவத்தில் அவ்வளவு நெருக்கம்.

சிக்கல் என்னவென்றால், கூடு ஒத்துப்போனாலும் குழல் ஒத்துப்போகாது. வின்செஸ்டர் 1882-இல் கொண்டுவந்த .32-20-க்குக் குண்டு 0.312 அங்குலம். கேடட் குழலின் வரிப்பள்ளத்தை (குண்டைச் சுழலவைக்க உட்சுவரில் முறுக்கி வெட்டிய பள்ளம்) அளந்தால் 0.316-க்கு மேல்தான் வரும், சிலவற்றில் 0.320-ஐயும் தாண்டும். கடையில் '.32-20 குண்டு' என்று கேட்டு வாங்கினால் அது குழலுக்குள் தொளதொளவென்று போகும். குழலின் வரிகள் அதைப் பிடிக்காது, சுழற்சி கிடைக்காது, இலக்குத் தாளில் வட்ட ஓட்டைக்குப் பதில் குண்டு பக்கவாட்டில் விழுந்த நீளக் கீறல்தான் இருக்கும்.

அதனால் குண்டு வாங்குவதற்கு முன்னால் குழலை அளந்தே ஆக வேண்டும். கலப்பில்லாத மெத்தென்ற ஈயத்தில் குழலை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு துண்டு, எண்ணெய் தடவிய குழல், ஒரு பித்தளைக் கம்பி, ஒரு சின்னச் சுத்தியல், அவ்வளவுதான் தேவை. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, முனையிலிருந்து ஈயத்தை மெதுவாகத் தட்டி உள்ளே அனுப்புங்கள். அனுப்பும்போது கை சொல்வதைக் கவனியுங்கள். எங்கே இறுக்கம், எங்கே சட்டென்று லேசாகிறது என்பது கம்பி வழியாகவே தெரியும். மார்ட்டினியில் பின்பக்கத்திலிருந்து நேராகக் கம்பி விட்டுச் சுத்தம் செய்ய வழியில்லை, முனை வழியாகத்தான் எல்லாரும் செய்திருப்பார்கள், அதனால் பல துப்பாக்கிகளில் முனை தேய்ந்து அகன்றிருக்கும். என்னுடையது நடுவில் 0.318, முனையில் 0.319. வரிப்பள்ளங்கள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருந்தால் சாதாரண மைக்ரோமீட்டர் வைத்து நேராக அளக்க முடியாது, வி வடிவக் கட்டையின் துணை வேண்டும்.

அறையையும் அளந்துவிடுவது நல்லது. செரோசேஃப் என்ற உலோகக் கலவை வெந்நீர்ச் சூட்டிலேயே உருகிவிடும். அறையில் ஊற்றி, ஆறியதும் எடுத்து, ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் அறையின் சரியான அளவு கிடைக்கும். இது ஏன் தேவை என்று கீழே வருகிறது.

சரி, குண்டுகளுக்கு வருவோம்.

முதலாவது, பெரிய அளவில் வார்த்து விற்பவர்களிடம் கிடைக்கும் கெட்டிக் குண்டு. 115 கிரெய்ன் (குண்டு எடையின் அளவு), தட்டை மூக்கு, நீல மெழுகு. பார்க்க அழகோ அழகு. ஒன்றைப் போல் மற்றொன்று, மூக்கில் ஒரு சுருக்கம் கிடையாது. எடையில் வித்தியாசம் மிகக் குறைவு. ஆனால் பெட்டியில் 0.314 என்று போட்டிருந்தது, என் மைக்ரோமீட்டர் 0.312 என்றது. பெட்டியைப் பிரித்து வேறு வேறு இடத்திலிருந்து எடுத்தும் அதே கதை. விற்றவருக்கு எழுதினேன், பதில் வரவில்லை. சுட்டால் ஐம்பது மீட்டரில் பாதிக் குண்டுகள் பக்கவாட்டில் விழுந்தன, அறைக்கு முன்னால் குழலில் ஈயம் கோடு கோடாக ஒட்டியது.

அளவு சிறிது என்பது மட்டுமல்ல காரணம். இந்த வகைக் குண்டு பெரும்பாலும் 92 பங்கு ஈயம், 6 ஆண்டிமனி, 2 வெள்ளீயம் சேர்ந்த கலவை. கடினத்தன்மை பிரினெல் அளவில் 15-ஐ ஒட்டி வரும். வார்ப்பவர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்குப்படி, பிரினெல் எண்ணை 1422-ஆல் பெருக்கினால் வரும் அழுத்தம் (சதுர அங்குலத்துக்குப் பவுண்டில்) பின்னாலிருந்து தள்ளினால்தான் குண்டு பருத்துப் பள்ளத்தை நிரப்பும். 15-க்கு அது 21,000-ஐத் தாண்டுகிறது. இந்த வயசான துப்பாக்கியில் யாரும் அந்த அழுத்தத்தைத் தொடவே கூடாது. ஆக குண்டு பருக்காது, சூடான வாயு பக்கத்தில் புகுந்து ஈயத்தை அரித்துக் குழலில் பூசிவிட்டுப் போகும். அடிப்பாகம் சரிவாகச் சீவியிருப்பதும் அதற்கு வழி செய்கிறது. 'கெட்டியானால் ஈயம் ஒட்டாது' என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். குறைந்த அழுத்தத்தில் நடப்பது நேர்எதிர்.

இரண்டாவது, சின்ன அளவில் வார்த்துக் கொடுக்கும் ஒருவரிடம் சொல்லி வாங்கிய மெத்தென்ற குண்டு. 30 பங்கு ஈயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம், ஆண்டிமனியே கிடையாது, அச்சிலிருந்து விழுந்த 0.315 அளவிலேயே, தட்டையான அடிப்பாகத்தோடு. தேன்மெழுகும் கொழுப்பும் கலந்த மெத்தென்ற மசகு. நகத்தால் அழுத்தினால் தடம் விழும். இதுவும் பள்ளத்தை விடச் சிறியதுதான், ஆனால் சுடும்போது பருத்து நிரப்புகிறது. பக்கவாட்டில் ஒன்றுகூட விழவில்லை, ஐம்பது மீட்டரில் எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கின. குழலில் லேசான சாம்பல் படலம், ஒரு துணி விட்டதும் போய்விட்டது. குறை என்றால் வந்து சேர்ந்த விதம். மெத்தென்றிருப்பதால் வழியில் ஒன்றோடொன்று மோதி நசுங்கியிருந்தன. மூக்கு நசுங்கினால் கவலைப்படாதீர்கள், அடிப்பாகத்தின் ஓரம் நசுங்கியதைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள், சிதறலுக்குக் காரணம் அதுதான்.

'அப்படியானால் 0.318 குண்டே வாங்கலாமே' என்று கேட்பீர்கள். இங்கேதான் அறையின் அளவு வருகிறது. அவ்வளவு பருமனான குண்டை .32-20 கூட்டில் அழுத்தினால் கூட்டின் கழுத்து விரிந்து அறைக்குள் போகாது. போகவைக்கத் திணித்தால் சுடும்போது கழுத்து விரிந்து குண்டை விட இடமிருக்காது, அழுத்தம் எகிறும். மருந்தும் பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) இல்லாத மாதிரித் தோட்டா ஒன்று செய்து பாருங்கள், விரலால் தள்ளினால் தானாக உள்ளே போக வேண்டும். .32 ஸ்பெஷலுக்கான 0.321 குண்டு, எட்டு மில்லிமீட்டர் 0.323 குண்டு எல்லாம் இதே இடத்தில் அடிபடும். மேலும் அவை 165, 170 கிரெய்ன் என்று நீளமாக இருக்கும். கேடட் குழலின் முறுக்கு ஏறத்தாழ 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று. ஆங்கிலக் கணித அறிஞர் கிரீன்ஹில் 1879-இல் தந்த சூத்திரத்தில் போட்டால் முக்கால் அங்குலத்துக்கு மேல் நீளமான குண்டை இந்த முறுக்கு நிலைநிறுத்தாது.

மூன்றாவதுதான் என் மனசுக்குப் பிடித்தது: படி வைத்த குண்டு. .310 கேடட்டின் மூலத் தோட்டாவே 120 கிரெய்னில் இப்படித்தான் இருந்தது. வெளியே தெரியும் உடம்பு குழலின் அளவு, கூட்டுக்குள் போகும் அடிப்பாகம் ஒரு படி சிறிது. உடம்பு 0.320, அடி 0.311 என்று சொல்லி அச்சு செய்து வாங்கி நானே வார்த்தேன். முதல் குண்டு அச்சிலிருந்து விழுந்தபோது படியின் விளிம்பு கத்தி போல் கூர்மையாக இருந்தது. வெள்ளீயம் கொஞ்சம் சேர்த்தாலொழிய அந்த மூலையில் ஈயம் சரியாக நிரம்பாது, வட்டமாகிவிடும். துல்லியம் இரண்டாவதை விடப் பாதிக்குப் பாதி இறுக்கம், குழல் பளிச்சென்று இருந்தது.

அதற்கு வேலையும் உண்டு. குண்டின் உடம்பு கூட்டின் பருமனை நெருங்கி இருப்பதால் வழக்கமான டை (கூட்டை மேலிருந்து அழுத்தி உருவாக்கும் அச்சு) வைத்துக் கூட்டின் வாயை மடிக்க முடியாது, பக்கவாட்டில் பிடித்து அழுத்தும் கொல்லட் வகைக் கருவி தேவை. மசகும் வெளியே இருப்பதால் மணல், பஞ்சு எல்லாம் ஒட்டும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிற சமாச்சாரம் இல்லை, ஒவ்வொன்றும் தனிக் குழியில் நிற்கும் மூடியுள்ள பெட்டி வேண்டும்.

யாரிடம் வாங்கினாலும் முதலில் கேளுங்கள்: அச்சிலிருந்து விழும்போது என்ன அளவு, என்ன கலவை, அடிப்பாகம் தட்டையா சரிவா. இந்த மூன்றுக்கும் உடனே பதில் சொல்பவர் தொழில் தெரிந்தவர். மாதிரிக்குக் கொஞ்சம் தருவார்களா என்றும் கேளுங்கள், நல்லவர்கள் தருவார்கள்.

அப்புறம் ஒன்று. உங்கள் கேடட்டில் அறையைக் கடையாமல் குழலுக்குள் புது .32-20 உட்குழல் இறக்கியிருந்தால் மேலே சொன்ன தலைவலி எதுவும் இல்லை. முனையை வெளிச்சத்தில் பார்த்தால் வளையம் மாதிரி ஒரு மெல்லிய கோடு தெரியலாம். தெரியாவிட்டாலும் ஈயத்துண்டு 0.312-க்குப் பக்கத்தில் காட்டினால் அதுதான். அதற்குக் கடையில் கிடைக்கும் சாதாரணக் குண்டே பொருந்தும். மெத்தென்ற கலவையில் 0.313 இருந்தால் அதை எடுங்கள்.