சோப்பு அங்கே, உளுந்து இங்கே

எங்கள் வீட்டு மாதச் சாமான் சீட்டு இப்போது இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஒன்று ஊர்க்கோடியில் இருக்கும் தள்ளுபடி சூப்பர் மார்க்கெட்டுக்கு, இன்னொன்று தெருமுனை அண்ணாச்சி கடைக்கு. போன வருடம் விலைவாசி ஏறியபோது முழுச் சீட்டையும் சூப்பர் மார்க்கெட்டுக்கே மாற்றினோம். எட்டு மாதம் அங்கேதான் வாங்கினோம். அப்புறம்தான் பாதியைத் திரும்பக் கொண்டுவந்தோம். நான்கு பேர் உள்ள வீடு, கோயமுத்தூர், வாரத்தில் ஐந்து நாள் இட்லியோ தோசையோ உண்டு. மாவு அரைப்பது என் வேலை. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறது.

முதலில் சந்தேகமே இல்லாத பொருட்களை முடித்துவிடலாம். சோப்பு, ஷாம்பு, பற்பசை, துணி துவைக்கும் பவுடர், பாத்திரம் தேய்க்கும் சோப்பு, பிஸ்கட், டீத்தூள், உப்பு, சர்க்கரை. இவற்றை அண்ணாச்சி கடையில் அச்சடித்த விலைக்கு வாங்க ஒரு காரணமும் இல்லை. ஒரே கம்பெனி, ஒரே பாக்கெட், உள்ளே ஒரே சரக்கு. சூப்பர் மார்க்கெட்டில் குறைத்துத் தருகிறார்கள் என்றால் அது நமக்கு நேரான லாபம். எப்படிக் கட்டுப்படியாகிறது என்று பலர் சந்தேகப்படுகிறார்கள். டிமார்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2002-இல் மும்பை பவாயில் முதல் கடை திறந்த நிறுவனம். பெரும்பாலும் சொந்தக் கட்டடத்தில்தான் கடை வைக்கிறார்கள், வாடகைச் சுமை குறைவு. சரக்கு தருகிறவர்களுக்குப் பணத்தைச் சீக்கிரம் கொடுத்து, அதற்கு ஈடாக விலையைக் குறைத்து வாங்குகிறார்கள். தரத்தில் கை வைத்துக் குறைத்த விலை அல்ல அது. ஆகவே பயப்படாமல் வாங்கலாம்.

எண்ணெயும் அங்கேதான் வாங்குகிறேன், ஆனால் எடையைப் பார்த்து. ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் சாதாரண வெப்பத்தில் சுமார் 910 கிராம் இருக்கும். சூடானால் எண்ணெய் விரியும், அதே லிட்டருக்கு எடை குறையும். இதை வைத்துக்கொண்டு சில கம்பெனிகள் 60 டிகிரியில் ஒரு லிட்டர் என்று அச்சிட்டு எடையைக் குறைத்து வந்தன. 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையைப் போடாமல் அளவையும் எடையையும் மட்டும் சரியாக அச்சிடச் சொன்னது. இப்போது பார்வைக்கு ஒரு லிட்டர் பாக்கெட் போலவே இருக்கும், எடுத்துப் பார்த்தால் 850 கிராமோ 800 கிராமோ இருக்கும். பெரிய எழுத்தில் போட்டிருக்கும் தள்ளுபடி விலையைப் பார்க்காதீர்கள். ஒரு கிராமுக்கு இவ்வளவு என்று பொடி எழுத்தில் பாக்கெட்டிலேயே இருக்கும், அதைப் பாருங்கள். செக்கு எண்ணெய் வேறு கணக்கு, அதைச் செக்கிலேயே வாங்குகிறோம்.

அரிசியில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. அதனால்தான் கடைகளில் 26 கிலோ மூட்டை வந்தது, அதற்கு அந்த வரி கிடையாது. மூட்டையாக வாங்குகிறவர்கள் அரிசி மண்டியில் வாங்குவதே நல்லது. ஒரு கிலோ வாங்கி வடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் மூட்டை எடுக்கலாம்.

சரி, உளுந்துக்கு வருகிறேன். பாதிச் சீட்டு அண்ணாச்சிக்குத் திரும்பியது உளுந்தால்தான்.

சூப்பர் மார்க்கெட்டில் தோல் நீக்கிய முழு உளுந்து கிலோ 128 ரூபாய்க்குக் கிடைத்தது. அண்ணாச்சி அதே வாரம் 146 சொன்னார். கிலோவுக்கு 18 ரூபாய் மிச்சம் என்று சந்தோஷமாக இரண்டு கிலோ வாங்கி வந்தோம். பளிச்சென்ற வெள்ளை, ஒரே அளவுப் பருப்பு, கல் இல்லை, தூசி இல்லை. பார்க்க அண்ணாச்சியின் உளுந்தைவிட அழகாகவே இருந்தது. ஆனால் மாவு காணவில்லை, அதாவது அரைத்தால் உபரியாகவில்லை. எப்போதும் போடும் அளவுதான், எப்போதும் ஊற வைக்கும் நேரம்தான், அதே கிரைண்டர். மாவு பொங்கி வராமல் பாத்திரத்தின் அடியிலேயே கிடந்தது. இட்லி தட்டையாக வந்தது. தண்ணீர் பிசகியிருக்கும் என்று முதல் வாரம் நினைத்தேன். அடுத்த வாரம் ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்தேன். அதற்கடுத்த வாரம் ஊறும் நேரத்தை மாற்றினேன். மூன்று வாரமும் அப்படியேதான்.

பிறகு இரண்டையும் அளந்து பார்த்தேன். ஒரு ஞாயிறு சூப்பர் மார்க்கெட் உளுந்து 250 கிராம், அடுத்த ஞாயிறு அண்ணாச்சி உளுந்து 250 கிராம். அரைத்து எடுத்து, உப்பு போடும் முன் அதே டம்ளரால் அளந்தேன். முதலாவது ஆறு டம்ளர் வந்தது. இரண்டாவது எட்டு. ஒரு கிலோ இட்லி அரிசிக்கு அண்ணாச்சி உளுந்து 250 கிராம் போதும். அதே மென்மை வர மற்றதில் 320 கிராம் போட வேண்டியிருந்தது. கணக்குப் போடுங்கள்: 250 கிராமுக்கு 36 ரூபாய் 50 காசு, 320 கிராமுக்குச் சுமார் 41 ரூபாய். விலை குறைந்த உளுந்துதான் எங்கள் வீட்டில் விலை கூடிய உளுந்தாக இருந்திருக்கிறது. அவ்வளவு போட்டும் இட்லி கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது.

ஏன் இப்படி? உளுந்தில் உள்ள வழுவழுப்பான பசைப் பொருளும் புரதமும் சேர்ந்துதான் அரைக்கும்போது காற்றைப் பிடித்து வைக்கின்றன. உளுந்து பழசாகப் பழசாக அந்தப் பசை குறைகிறது. டெல்டாவில் நெல் அறுத்த தரிசில் தை மாதம் விதைக்கும் உளுந்து பங்குனி, சித்திரையில் களத்துக்கு வரும். ஆந்திராவிலிருந்து வருகிறது. பர்மாவிலிருந்து கப்பலில் நிறைய வருகிறது. இதில் எது எப்போது அறுத்தது, எத்தனை மாதம் கிட்டங்கியில் கிடந்தது என்பதெல்லாம் பாக்கெட்டில் இருக்காது. பாக்கெட்டில் இருப்பது பொட்டலம் கட்டிய தேதி. போன மாதத் தேதி போட்ட பாக்கெட்டுக்குள் பழைய உளுந்து இருக்கலாம். திருப்பிக் கொடுக்கவும் முடியாது. வண்டு இருந்தால் காட்டலாம், எடை குறைந்தால் காட்டலாம். மாவு காணவில்லை என்பதை பில் கவுன்டரில் எப்படிக் காட்டுவது?

அண்ணாச்சியிடம் அதைச் சொல்ல முடிகிறது. “போன தடவை உளுந்து காணலை அண்ணாச்சி” என்றால் அவருக்குப் புரிகிறது, அடுத்த முறை வேறு மூட்டையைப் பிரிக்கிறார். ஒரு முறை பாதி மீந்ததை மாற்றியே கொடுத்தார். புதுச் சரக்கு வந்த வாரம், “தம்பி, இது புது உளுந்து, தண்ணி கூடுதலா இழுக்கும், பாத்து ஊத்துங்க” என்று சொல்லித்தான் கட்டித் தருவார். எந்த மூட்டை எப்போது வந்தது என்பது அவருக்குத் தெரியும். அதைத் தெரிந்த ஒருவரிடம் வாங்கும்போது கிலோவுக்கு 18 ரூபாய் கூடக் கொடுப்பது எனக்குச் சரியாகவே படுகிறது.

எல்லா சூப்பர் மார்க்கெட் உளுந்தும் இப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. எட்டு மாதத்தில் இரண்டு பாக்கெட் நன்றாகவே கண்டது. அதே பெயர், அதே விலை, ஆனால் ஒரு மாதம் நன்றாக இருக்கும், அடுத்த மாதம் இருக்காது. எனக்குக் கஷ்டமாக இருந்தது அந்த நிச்சயமின்மைதான். எல்லா அண்ணாச்சியும் எங்கள் அண்ணாச்சி போல இருப்பார் என்றும் சொல்ல முடியாது. சரக்கு வேகமாக ஓடாத சின்னக் கடையில் பருப்பு டப்பாவிலேயே வயசாகிவிடும். அப்படிப்பட்ட கடைதான் பக்கத்தில் இருக்கிறது என்றால் சூப்பர் மார்க்கெட்டே மேல்.

துவரம் பருப்பிலும் இதேதான். இதில் அளவுகோல் குக்கர் விசில். ரேஷன் அட்டைக்குக் கிடைக்கும் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அந்த விலையை எந்தக் கடையும் தொட முடியாது, முதலில் அதை வாங்கிவிடுங்கள். மீதிக்குத்தான் இந்தப் பேச்சு. எங்கள் பகுதியில் சிறுவாணித் தண்ணீர். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்ற சமாதானம் இங்கே செல்லாது. அண்ணாச்சி கடைப் பருப்பு நாலு விசிலில் குழைகிறது. சூப்பர் மார்க்கெட் பாக்கெட் ஒன்று ஏழு விசில் விட்டும் முழுசு முழுசாக மிதந்தது. பழைய பருப்பு வேகத் தாமதமாகும், அந்த கேஸ் செலவையும் விலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பாசிப் பருப்பு, கடலைப் பருப்பு இரண்டிலும் இந்தச் சிக்கல் எனக்கு வரவில்லை, அவற்றை எங்கே வாங்கினாலும் சரி.

வற்றல் மிளகாயும் புளியும் கண்டிப்பாக அண்ணாச்சியிடம்தான். மிளகாயைக் கையில் எடுத்து ஆட்டினால் விதை கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும், ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். ஒட்டிய பாக்கெட்டில் இதைச் செய்ய முடியாது. தாளிக்கக் குண்டு மிளகாய், பொடிக்கு நீட்டு மிளகாய் என்று பிரித்து வாங்கவும் அங்கேதான் வசதி. புளி மாசி, பங்குனியில் புதுசு வரும்போது ஒரு வருடத்துக்கு வாங்கி, உப்பு போட்டுப் பானையில் அடைத்துவிடுகிறோம். வெல்லம் வாங்கும்போது ரொம்பப் பளபளப்பான மஞ்சள் நிற வெல்லத்தை ஒதுக்கிவிடுங்கள், கறுத்த வெல்லம் அண்ணாச்சியிடம் கேட்டால் கிடைக்கும்.

கடுகு, சீரகம், வெந்தயம், ரவை, மைதா எல்லாம் சூப்பர் மார்க்கெட் சீட்டில் இருக்கின்றன. ரவையை மட்டும் அரைக் கிலோவுக்கு மேல் வாங்குவதில்லை, பூச்சி விழுகிறது. முந்திரி, திராட்சை, பாதாம் அங்கே விலை நன்றாகவே குறைகிறது. ஆனால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டுமே வாங்கியிருப்பதால் தரத்தைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன். சிறுதானியமும் அப்படியே, வரகும் சாமையும் இரண்டு மூன்று முறைதான் வாங்கியிருக்கிறேன்.

மசாலாப் பொடியில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று இருந்தால் தேதியைப் பார்த்துவிட்டு எடுங்கள். இரண்டாவது பாக்கெட்டைப் பிரிக்கும்போது வாசனை போயிருக்கும். காய்கறியை நான் அங்கே வாங்குவதே இல்லை, பெரிய வெங்காயமும் உருளைக்கிழங்கும் அவசரத்துக்கு எடுத்ததோடு சரி. ஆர்.எஸ்.புரத்திலும் சிங்காநல்லூரிலும் உழவர் சந்தை இருக்கிற ஊரில் கண்ணாடிக்குள் வைத்த கீரையை ஏன் வாங்க வேண்டும்?

சூப்பர் மார்க்கெட்டுக்கு இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் போகிறோம். மாதாமாதம் போனபோது சீட்டில் இல்லாத சாமான் பில்லில் நானூறு ஐந்நூறு ரூபாய்க்கு ஏறிவிடும், சோப்பில் மிச்சம் பிடித்தது அதில் போய்விடும். சோப்பும் பவுடரும் கெட்டுப்போகிற பொருளா என்ன, இரண்டு மாதத்துக்கு மொத்தமாக வாங்கிப் பரணில் வைத்துவிடுகிறோம். அண்ணாச்சி கடைக்கு வாரம் ஒரு நடை. பத்து ரூபாய்க்குப் பட்டை, கிராம்பு என்று கேட்டாலும் முகம் சுளிக்காமல் மடித்துக் கொடுக்கிறார், கையில் பணம் இல்லாத நாளில் நோட்டில் எழுதிக்கொள்கிறார்.

போன சனிக்கிழமை இரண்டு கிலோ உளுந்து கேட்டேன். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்துவிட்டு, “அடுத்த வாரம் புதுச் சரக்கு வருது தம்பி, இப்ப அரைக் கிலோ மட்டும் கொண்டு போங்க” என்றார். அரைக் கிலோதான் வாங்கி வந்தேன்.