கூட்டலுக்கு எதுவும் சரி, கழித்தலுக்கு எது?

பக்கத்து வீட்டுச் சின்னவன் தரம் 1. பின்னேரங்களில் எங்கள் விறாந்தையில் குந்தியிருந்துதான் வீட்டுக்கணக்குச் செய்வான். 6உம் 3உம் எத்தனை என்றால் விரலை விரித்து 9 என்பான், பிழையே வராது. ஒருநாள் கச்சான் உரித்துக்கொண்டிருந்தபோது சும்மா கேட்டேன்: "உன்னட்ட 5 கச்சான், தங்கச்சியட்ட 8. தங்கச்சியட்ட எத்தினை கூட இருக்கு?"

"பதின்மூண்டு."

முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் விளங்கியது. "கூட" என்று நான் சொன்னதும் அவன் கூட்டிவிட்டான். கொப்பியில் கூட்டல் கணக்குச் செய்து பழகிய பிள்ளைக்கு அந்தச் சொல் அப்படித்தான் காதில் விழும். கேள்வியை மாற்றினேன். "8 பிள்ளையள், 5 வடை. எத்தினை பேருக்கு வடை இல்லை?" உடனே 3 என்றான், கொஞ்சம் கவலையோடு. ஆக, கணக்கு அவனுக்குத் தெரிகிறது, என் சொல்தான் இடறிவிட்டது.

அன்றிலிருந்து கணக்குப் பழக்கும் பொருட்களை நான் பார்க்கும் விதம் மாறிவிட்டது. கூட்டலை எதை வைத்தும் காட்டலாம். இரண்டு குவியலை ஒன்றாகத் தள்ளினால் கூட்டல் முடிந்தது. கழித்தலுக்கு மூன்று முகம். 8இல் 5 போனால் மிச்சம் எத்தனை என்பது ஒன்று. 8க்கும் 5க்கும் வித்தியாசம் எத்தனை என்பது இன்னொன்று. 5ஐ 8 ஆக்க இன்னும் எத்தனை வேண்டும் என்பது மூன்றாவது. விடை மூன்றுக்கும் ஒன்றுதான், ஆனால் பிள்ளையின் மனதில் மூன்றும் வேறு வேறு வேலை. வீட்டில் கிடைக்கிற பொருட்களில் எது இந்த மூன்றையும் தாங்கும் என்பதுதான் என் அளவுகோல்.

முதலில் கச்சானும் புளியங்கொட்டையும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வீதியோரத்தில் கச்சான் கடைகள் இருக்கும், பிள்ளைகளுக்கும் அதில்தான் கண். 7 கச்சானில் 2ஐத் தின்றால் மிச்சம் எத்தனை என்று கேட்டால் எந்தப் பிள்ளைக்கும் கழித்தல் பிடிக்கும். தின்றதைத் திரும்ப வைத்துச் சரிபார்க்க முடியாது என்பதுதான் தொல்லை. சின்னவன் ஒருமுறை கூட்டல் கணக்கின் பாதியையே தின்றுவிட்டான். புளி கரைத்த பின் கொட்டைகளைக் கழுவிக் காயவைத்து ஒரு போத்தலில் போட்டுவைத்தால் வருடக்கணக்காக இருக்கும், செலவில்லை, தின்னவும் மாட்டார்கள். என் வாக்கு அதற்குத்தான். மஞ்சாடி விதை இன்னும் வடிவு. ஆனால் குன்றிமணியை மஞ்சாடி என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். சிவப்பில் கறுப்புப் பொட்டு இருந்தால் அது குன்றிமணி, கடும் நஞ்சு. மூன்று வயதுக்குக் கீழே ஒரு தம்பியோ தங்கச்சியோ வீட்டில் இருந்தால் எந்தக் கொட்டையும் தரையில் கிடக்கக் கூடாது.

கொட்டையில் ஒரு குறை உண்டு. 8உம் 5உம் கேட்டால் பிள்ளை 8ஐ எண்ணி வைக்கும், 5ஐ எண்ணி வைக்கும், பிறகு எல்லாவற்றையும் 1இலிருந்து திரும்ப எண்ணும். மூன்று தரம் எண்ணல். சரியான விடைதான், ஆனால் இந்தப் பழக்கத்தை விடச் சொல்லிக் கொட்டை ஒருநாளும் அவனைக் கட்டாயப்படுத்தாது. குவியலாகக் கிடக்கும் எட்டைக் கண்ணால் எட்டு என்று பிடிக்கவும் முடியாது.

இதற்கு முட்டை அடுக்கி வரும் கடதாசித் தட்டு நல்ல மருந்து. 30 முட்டைத் தட்டில் 5 குழியாக 6 வரிசை. இரண்டிரண்டு வரிசையாக வெட்டினால் 10 குழி உள்ள துண்டு மூன்று கிடைக்கும். ஒரு குழிக்கு ஒரு கொட்டை. 8 போட்டால் இரண்டு குழி வெறுமையாகத் தெரியும். இப்போது 5 கொட்டையைக் கையில் கொடுத்தால், யாரும் சொல்லிக்கொடுக்காமலே இரண்டால் பள்ளத்தை நிரப்பி, மிச்சம் மூன்றை அடுத்த துண்டில் போடுவான். பத்தும் மூன்றும். பெயரே பதின்மூன்று. நம்முடைய எண் பெயர்கள் இந்த இடத்தில் பெரிய உதவி: பதினொன்று, பன்னிரண்டு, பதினைந்து எல்லாவற்றிலும் பத்து முன்னாலேயே நிற்கிறது. இங்கிலீஷ் நேசறிக்குப் போய் 'இலெவன், ட்வெல்வ்' மட்டும் பாடமாக்கி வரும் பிள்ளைக்கு அந்தப் பத்து காதில் விழுவதே இல்லை. வீட்டிலாவது தமிழில் எண்ணுங்கள் என்று தாய்மாரிடம் சொல்வேன். சிலர் முகத்தைச் சுளிப்பார்கள், பரவாயில்லை.

கழித்தலிலும் தட்டு கைகொடுக்கும். 13இல் 8 போக வேண்டுமென்றால் நிறைந்த பத்திலிருந்து எட்டை அள்ளிவிடலாம். அங்கே 2, இங்கே 3, மொத்தம் 5. கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு பிறகு வரும்போது இந்தப் பழக்கம் நினைவுக்கு வரும்.

விறாந்தைச் சீமெந்தில் வெண்கட்டியால் 0 முதல் 20 வரை கட்டம் கீறிக் குதிக்கவிடுவது அடுத்த வழி. கெந்தித்தொட்டு விளையாடும் கால்களுக்கு இது பாடமாகவே தோன்றாது. ஒரு இடத்திலிருந்து தொடர்ந்து எண்ணுவதைப் பழக்க இதைப்போல ஒன்றும் இல்லை. கூட்டினால் முன்னுக்கு, கழித்தால் பின்னுக்கு. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. 3இல் நிற்கிற பிள்ளையை 4 பாயச் சொன்னால், தான் நிற்கிற கட்டத்தையே ஒன்று என்று எண்ணி 6இல் போய் நிற்கும். நானும் ஒரு கிழமை சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. பிறகு "காலடியில இருக்கிறதை எண்ணாத, பாய்ச்சலை எண்ணு" என்று சொல்லி, ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் கை தட்ட வைத்தேன். பிழை நின்றது. ஆறு வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கட்டத்தைவிடக் கொட்டை நல்லது என்பது என் எண்ணம். கொட்டையில் எண்ண வேண்டியது கண்முன் பொருளாகக் கிடக்கும், பாய்ச்சல் கையில் அகப்படாது.

வித்தியாசத்தைக் காட்டுவதில் ஈர்க்குத் துண்டுகளை எதுவும் வெல்லாது. பெல்ஜியத்து ஆசிரியர் ஜோர்ஜ் குயிசினேர் செய்த வண்ணக் கோல்களின் யோசனைதான் இது: 1 சென்ரிமீற்றர் முதல் 10 சென்ரிமீற்றர் வரை பத்து நீளம், நீளத்துக்கு ஒரு நிறம், 5 மஞ்சள், 10 செம்மஞ்சள். கடைப்பெட்டி இல்லாவிட்டால் விளக்குமாற்று ஈர்க்கைச் சீவி, ஒன்றுக்கு 2 சென்ரிமீற்றர் என்று வெட்டலாம். ஒரு சென்ரிமீற்றரில் வெட்டினால் சின்ன விரலுக்குப் பிடிபடாது. எட்டையும் ஐந்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, அந்த இடைவெளிக்கு எந்தத் துண்டு சரியாகப் பொருந்தும் என்று தேடவிடுங்கள். "கூட" என்ற சொல்லே வேண்டாம், மூன்று தானாக வந்து உட்காரும். இதில் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாததால், எண்ணத் தடுமாறும் பிள்ளைக்கு முதல்நாள் குழப்பமாக இருக்கும். அதனால் கொட்டைக்குப் பிறகுதான் ஈர்க்கு.

கடை விளையாட்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 5 ரூபாய்க் குற்றி ஒன்றையும் பிள்ளை ஒன்று என்றுதான் எண்ணும்; அதன் பெறுமதி கண்ணுக்குத் தெரியாது. தரம் 2க்குப் பிறகு, மிச்சக் காசு கொடுக்கும்போது மட்டும் இது பொன். 65 ரூபாய்ச் சாமானுக்கு 100 தந்தால் கடைக்காரர் கழிப்பதில்லை. 5 வைத்து எழுபது, 10 வைத்து எண்பது, 20 வைத்து நூறு என்று மேலே ஏறிப் போவார். கழித்தலின் மூன்றாவது முகம் அதுதான்.

அபகஸ் வகுப்பு? கேட்காத பெற்றோர் இல்லை. வகுப்புகளில் பழக்கும் சட்டத்தில் ஒவ்வொரு கம்பியிலும் மேலே 5 பெறுமதியுள்ள மணி ஒன்று, கீழே ஒன்று பெறுமதியுள்ள மணி நாலு. 4உடன் 3 கூட்ட, கீழே மணி முடிந்துவிட்டது. ஆகவே மேல் மணியை இறக்கி, கீழே இரண்டை எடுக்க வேண்டும். 3 என்பது 5இல் 2 குறைவு என்று தெரிந்த பிள்ளைக்கு இது அழகான வித்தை. தெரியாத பிள்ளைக்கு "மூன்றுக்கு நண்பன் இரண்டு" என்ற பாட்டு மட்டும்தான் மிஞ்சும், விரல் வேகமாகப் போகும், மனம் போகாது. எட்டு வயதுக்கு மேல் சேர்த்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. முதல் வகுப்புப் பிள்ளைக்கு அந்தக் காசைச் செலவழிப்பதைவிட முட்டை வாங்கித் தட்டை எடுத்துக்கொள்ளலாம்.

என்னைக் கேட்டால், ஐந்து, ஆறு வயதில் கொட்டையும் முட்டைத் தட்டும். இரண்டு மாதம் கழித்து ஈர்க்கு. மழை இல்லாத நாட்களில் வெண்கட்டிக் கோடு. இந்த வரிசையில் சேராத இன்னொன்றும் உண்டு, செலவில்லாதது: சிரட்டை. 7 கொட்டையைக் காட்டிவிட்டு, கண்ணை மூடச் சொல்லி, சிலவற்றைச் சிரட்டையால் மூடுவேன். வெளியே 4 இருக்கும். உள்ளே எத்தனை? தூக்கிப் பார்த்தால் விடை அங்கேயே இருக்கிறது, என்னிடம் சரியா பிழையா என்று கேட்கத் தேவையில்லை. முதல் நாட்களில் சின்னவன் விரலை மடக்கி மடக்கிப் பார்த்தான். இப்போது சிரட்டையை என்னிடமிருந்து பறித்துக்கொண்டு, 15 கொட்டையில் தானே சிலதை மூடி என்னைக் கேட்கிறான். நேற்று நான் இரண்டு தரம் பிழைவிட்டேன். அதில் ஒன்றுதான் வேண்டுமென்று விட்டது.