பல் இடுக்குக்கு எது: ஃப்ளாஸ் நூலா, குட்டி பிரஷா, வாட்டர் ஃப்ளாசரா?

ஈறு வீக்கம் பெரும்பாலும் இரண்டு பற்களுக்கு நடுவே முக்கோணமாக நிற்கும் ஈறில்தான் ஆரம்பிக்கும். டூத்பிரஷின் நார் அங்கே எட்டாது. சாஃப்ட் பிரஷை ஈறோரம் 45 டிகிரி சாய்த்து இரண்டு நிமிடம் தேய்ப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இடுக்கை எதை வைத்துச் சுத்தம் செய்வது என்பதில்தான் குழப்பம். இடைவெளி இருக்கும் வாய்க்கு என் ஓட்டு இன்டர்டென்டல் பிரஷுக்கு, அதாவது மெல்லிய கம்பியைச் சுற்றி நார் வைத்த குட்டி பிரஷுக்கு.

ஃப்ளாஸ் நூலை ஒதுக்கிவிட முடியாது. பற்கள் நெருக்கமாக இருக்கும் இளவயதினருக்கு வேறெதுவும் நுழையாது. சுமார் 45 செ.மீ. நூலை நடுவிரல்களில் சுற்றி, மெல்ல முன்னும் பின்னும் அசைத்து இறக்க வேண்டும். பிறகு பல்லை அரைவட்டமாக அணைத்து, ஈறுக்குச் சற்று உள்ளேயிருந்து மேலே இழுக்க வேண்டும். பலர் 'டக்'கென்று இறக்கி ஈறை அறுத்துக்கொண்டு, ரத்தம் வருகிறது என்று அதோடு விட்டுவிடுகிறார்கள். இன்னொரு குறை: ஈறு இறங்கிய இடத்தில் வேர்ப்பகுதி குழிவாக இருக்கும். மேல் முன்கடைவாய்ப் பல் இதற்கு நல்ல உதாரணம். இழுத்துப் பிடித்த நூல் குழியின் மேலாகவே போய்விடும், அழுக்கு உள்ளேயே தங்கும். குட்டி பிரஷின் நார் அந்தக் குழியிலும் படும்.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2019-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும் நூலைவிட இந்த பிரஷ் பலன் தரலாம் என்கிறது. ஆனால் சான்றுகள் அவ்வளவு உறுதியானவை அல்ல என்றும் அதுவே சொல்கிறது.

பிரஷ் வாங்குவதில் எல்லாமே அளவுதான். ஐஎஸ்ஓ எனும் சர்வதேசத் தர அளவு எண் 0 முதல் 8 வரை இருக்கிறது. நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எண்ணைப் பாருங்கள். டேப்பே (TePe) கம்பெனி வரிசையில் பிங்க் 0, ஆரஞ்சு 1, சிவப்பு 2, நீலம் 3. சின்னதிலிருந்து தொடங்குங்கள். கம்பி பல்லில் உரசக்கூடாது, நார் மட்டும் இரண்டு பக்கமும் லேசாகப் பிடிக்க வேண்டும். பிடிப்பே இல்லாமல் வழுக்கிப் போனால் அந்த அளவு வீண். திணித்தால் கம்பி மடங்கி ஒடியும், ஈறும் காயப்படும். ஒரே வாய்க்கு இரண்டு அளவாவது தேவைப்படும், முன்பற்களுக்கு ஒன்று, கடைவாய்க்கு ஒன்று. உள்ளே விட்டுத் திருகாமல், நேராக இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் இழுத்தால் போதும். பேஸ்ட் வேண்டாம். இரவில் ஒரு வேளை போதும்.

வீக்கம் வடிந்ததும் பழைய அளவு தொளதொளவென்று ஆகும். பிரஷ்தான் இடைவெளியை உண்டாக்கிவிட்டது என்று பயந்து சிலர் நிறுத்திவிடுவார்கள். உப்பியிருந்த ஈறு அடைத்துக்கொண்டிருந்த இடம்தான் அது. நிறுத்தாமல் ஒரு அளவு கூட்டுங்கள். கழுவி உலர வைத்தால் ஒரு பிரஷ் ஒன்றிரண்டு வாரம் தாங்கும், நார் படுத்ததும் மாற்றிவிடுங்கள்.

தண்ணீரைப் பீய்ச்சி இடுக்கைக் கழுவும் வாட்டர் ஃப்ளாசர், பல்லில் கம்பி கட்டியவர்களுக்கும் பிரிட்ஜ், இம்ப்ளான்ட் வைத்தவர்களுக்கும் நல்ல துணை. ஈறில் ரத்தம் வடிவதைக் குறைக்கும், ஆனால் ஒட்டிய படிவத்தை உரசி எடுக்காது. போர்வெல் தண்ணீர் ஊற்றினால் முனையில் உப்பு படிந்து அடைக்கும், ஆர்ஓ தண்ணீர் நல்லது. டேங்க்கில் மிச்சம் வைக்காதீர்கள்.

மவுத்வாஷை இந்தப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. கிருமிநாசினி மவுத்வாஷான குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதம், 10 மி.லி., நாளுக்கு இரண்டு வேளை, டாக்டர் சொன்னால் இரண்டு வாரம். அதற்கு மேல் போனால் பல்லில் பழுப்புக் கறை படியும், காபி, டீ குடிப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம். பேஸ்ட்டுக்கும் இதற்கும் அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள், பேஸ்ட்டின் நுரைப்பொருள் மருந்தை முடக்கும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் இதம் தரும், அவ்வளவுதான்.

முதல் சில நாள் ரத்தம் கசிவது சகஜம், அதற்காக நிறுத்த வேண்டாம். இரண்டு வாரமாகியும் நிற்கவில்லையென்றால் காரை (கெட்டியாகிப்போன அழுக்கு) கட்டியிருக்கலாம். அதை எந்தப் பிரஷும் எடுக்காது, பல் டாக்டர் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங்தான் வழி. பிரஷருக்கு அம்லோடிபின், வலிப்புக்கு ஃபெனிடாய்ன் சாப்பிடுபவர்களுக்கு மருந்தாலேயே ஈறு தடிக்கலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சீழ், பல் ஆட்டம், கன்ன வீக்கம் இருந்தால் பிரஷ் வாங்கப் போகாமல் அன்றைக்கே பல் டாக்டரிடம் போங்கள்.